அலாரம் பேனலில் சிம்800எல்: மெசேஜ் போகும்போது அணைவது நின்றது

ஒருவழியாகப் பிடிபட்டது. சைரன் அடித்ததும் எஸ்எம்எஸ் போகிறது, பின்னாலேயே போன் காலும் போகிறது. சிம்800எல், அதாவது சிம் போட்டு 2ஜி-யில் மெசேஜும் காலும் அனுப்பும் சின்ன மாட்யூல், நடுவில் சாகவில்லை.

பேனலின் பிஜிஎம் அவுட்புட்டுக்கும் (அலாரம் அடித்ததும் சிக்னல் தரும் முனை) மாட்யூலை இயக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே பிசி817 ஆப்டோகப்ளர் (இரு பக்கத்தையும் மின்சாரம் ஒட்டாமல் ஒளி வழியாக இணைக்கும் சிப்), 12 வோல்ட் பக்கம் 2.2 கிலோ ஓம். அதில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை முழுக்க சப்ளையில்தான். பேனலின் 7 ஏஹெச் பேட்டரியிலிருந்து எல்எம்2596 என்ற வோல்ட்டேஜ் குறைக்கும் கன்வெர்ட்டர் வழியாக 4.0 வோல்ட். மல்டிமீட்டர் அசையாமல் 4.0 காட்டும். ஆனால் மெசேஜ் கிளம்பும் கணத்தில், 3 நொடிக்கொரு முறை மின்னிய மாட்யூலின் எல்இடி மறுபடி படபடவென்று மின்னத் தொடங்கும். ரீஸ்டார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

2ஜி-யில் மாட்யூல் 577 மைக்ரோ நொடித் துடிப்பாக 2 ஆம்பியர் வரை இழுக்கும். மல்டிமீட்டருக்கு அது தெரியவே தெரியாது, டிஎஸ்ஓ138 என்ற சின்ன ஆசிலோஸ்கோப் போதும், வோல்ட்டேஜ் இறங்கும் பள்ளம் பளிச்சென்று தெரியும். 3.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாட்யூல் படுத்துவிடும். ஜம்பர் வயரும் அதன் முனைகளும் சேர்ந்து 0.35 ஓம் இருந்தாலே 0.7 வோல்ட் காலி. ஆகவே ஜம்பரும் பிரெட்போர்டும் கூடவே கூடாது. 0.5 சதுர மிமீ வயரை நேராகப் பற்றவைக்க வேண்டும்.

அடுத்தது கெப்பாசிட்டர். துடிப்பு முழுவதையும் 1000 மைக்ரோஃபாரட் மட்டுமே சுமந்தால் 1.15 வோல்ட் இறங்கும். 2200 என்றால் 0.52. ஆகவே 2200 இரண்டு, கூட ஒரு 100 நானோ, மாட்யூலின் சப்ளை முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள். கன்வெர்ட்டர் பக்கம் வைத்தால் பாதிப் பலன்கூட இல்லை. மலிவுக் கெப்பாசிட்டரில் இஎஸ்ஆர் (உள் மின்தடை) 0.2 ஓம் இருந்தால் அதுவே 0.4 வோல்ட்டைத் தின்னும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் லோ இஎஸ்ஆர் என்று வாயால் கேட்டு வாங்குவதைவிட, பழைய மதர்போர்டில் கழற்றிய 6.3 வோல்ட் கெப்பாசிட்டர் மேல். கன்வெர்ட்டரையும் 4.1-க்கு ஏற்றியாயிற்று. 4.4-ஐத் தாண்டவே கூடாது.

கூட வரும் ஸ்ப்ரிங் ஆன்டெனா இரும்புப் பெட்டிக்குள் வீண். வெளி ஆன்டெனா மாட்டியதும் சிக்னல் அளவைக் கேட்கும் ஏடி+சிஎஸ்க்யூ கட்டளையின் பதில் 9-லிருந்து 18 ஆனது, அதாவது மைனஸ் 95-லிருந்து மைனஸ் 77 டிபிஎம். ஆன்டெனாவை சோன் வயர்களை (சென்சார்களிலிருந்து பேனலுக்கு வருபவை) ஒட்டி வைக்காதீர்கள், துடிப்பு அதில் ஏறிப் பொய் அலாரம் அடிக்கும்.

ஜியோ சிம் இதில் ஓடாது, அவர்களுக்கு 2ஜி கிடையாது. எந்த சிம் போட்டாலும் அதன் பின் நம்பர் லாக்கை எடுத்துவிடுங்கள், வேலிடிட்டி தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

2ஜி-யை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? அடுத்து 4ஜி-க்கு ஏ7670 மாட்யூல் வாங்கும் எண்ணம். அதற்கு முன் ஒரு சோதனை பாக்கி: மெயினை அணைத்து, சைரனை அலறவிட்டு, பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில் மெசேஜ் போகிறதா என்று பார்க்க வேண்டும்.