“ஏன் 1 சொல்லலை?” – குடியை விட என் மனசு தயாரான விதம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். 18 வருஷம் குடித்தேன், அதில் கடைசி ஆறேழு வருஷம் காலையிலேயே. இப்போது ஒரு வருஷம் தாண்டிவிட்டது. எப்படி விட்டாய் என்று கேட்கிறவர்களிடம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, ஊசி போட்டது, மாத்திரை சாப்பிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அதற்கு முன்னால், நான் இன்னும் குடித்துக்கொண்டிருந்தபோதே, இரண்டு மாசம் வேறொன்று நடந்தது. அதைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

“அவனா நெனைச்சாத்தான் உண்டு.” என் மாமனார் சொன்னார், அக்கா சொன்னாள், பக்கத்து வெல்டிங் கடைக்காரர் சொன்னார். குடிக்கிறவன் இருக்கிற எல்லா வீட்டிலும் இதைச் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பி, அவனாக நினைக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தே எத்தனையோ குடும்பங்கள் ஆளைப் பறிகொடுத்திருக்கின்றன. நினைக்க வைக்க ஒரு வழி உண்டு, அதற்கென்று படித்த ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தோம். ஆரம்ப வருஷங்களில் சபரிமலைக்கு மாலை போட்டேன், 48 நாள் தொடவில்லை, கழற்றிய அன்று ராத்திரியே தொட்டேன். ஒரு கோயிலில் கயிறு கட்டிக்கொண்டேன். பெண் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என் மனைவி யார் சொன்னதையோ கேட்டு ஒரு பொடி வாங்கிச் சாம்பாரில் கலந்தாள். (தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். குடிக்கிறவருக்குத் தெரியாமல் கொடுக்கிற சில மருந்துகள் சாராயத்தோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.) அப்புறம் ஒரு மறுவாழ்வு மையத்தில் 3 மாசம் பூட்டி வைத்தார்கள், அடியும் விழுந்தது. அங்கே இருந்தவரை என் மனசில் ஓடியது ஒன்றுதான், எப்போது கதவைத் திறப்பார்கள். திறந்த அன்றைக்கே முள்ளோடையில் போய் நின்றேன். ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலூர் ஆல்பேட்டையைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை, சரக்கு அங்கே விலை குறைவு, கடைகள் வரிசையாக இருக்கும்.

ஒருமுறை யாரும் சொல்லாமல் நானே சட்டென்று நிறுத்தினேன். மறுநாள் கடையிலேயே வலிப்பு வந்து விழுந்தேன். ரொம்ப நாள் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் முதல் ஓரிரண்டு நாளில் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் புத்தி தடுமாறி இல்லாத உருவமெல்லாம் தெரியலாம், கவனிக்காவிட்டால் உயிர்கூடப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். அவர்தான் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். நான் போவதற்குள் மறுபடி பழைய அளவுக்கு வந்துவிட்டேன். அங்கே இருந்த டாக்டர், “நீங்களா நிறுத்தாதீங்க, ஒரு நாள் குறிச்சு இங்கயே சேர்ந்து நிறுத்தலாம், அதுவரைக்கும் வாரா வாரம் மேடத்தைப் பாருங்க” என்றார்.

மேடம் என்றது ஆலோசகரை. முப்பது வயசுக்குள்தான் இருக்கும். உட்கார்ந்ததும் வழக்கமான பாட்டு வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது, “குடிக்கிறதுல உங்களுக்குப் பிடிச்சது என்ன சார்?”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கொஞ்ச நேரம் பேச வரவில்லை. அப்புறம் சொன்னேன், நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்து இடுப்பு வலிக்கும், அது தெரியாது. தூக்கம் வரும். கூடப் பேச நாலு பேர் இருப்பார்கள். காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும். அவர் எதையும் மறுக்கவில்லை. “வலிக்கும், தூக்கத்துக்கும், வேலைக்கும் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான் உங்களுக்கு இருந்திருக்கு” என்று நான் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னார். அதைக் கேட்டதும் நானாகவே, “ஆனா அந்தத் தூக்கம் மூணு மணிக்கு முழிப்பு வந்துரும் மேடம்” என்றேன். எங்கிருந்து வந்தது அந்த “ஆனா” என்று தெரியவில்லை.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. “குடியை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? முக்கியமே இல்லைன்னா 0, இதைவிட முக்கியம் எதுவும் இல்லைன்னா 10. நீங்க எங்க இருக்கீங்க?” உண்மையைச் சொல்லலாம் என்று 4 என்றேன். நாலுதானா என்று கேட்பார், 10 ஏன் இல்லை என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “4 சொன்னீங்க. ஏன் 1 சொல்லலை?” என்றார்.

இதை இப்போது எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஏன் 10 இல்லை என்று கேட்டிருந்தால் குடிக்கு ஆதரவாக ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன், எனக்கு அது மனப்பாடம். ஏன் 1 இல்லை என்றதும் விடுவதற்கான காரணத்தை நான் தேட வேண்டியதாகிவிட்டது. என் வாயில் வந்தது பெண்டாட்டி பிள்ளைகூட இல்லை, நெல்லிக்குப்பம் பக்கத்து விவசாயி ஒருவர். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் கடைக்கு வருகிறவர். கரும்புக்குத் தண்ணீர் விடும் மோட்டார் எரிந்து போய்க் கொண்டுவந்தார். மோட்டாருக்குள் ஸ்லாட் என்கிற பள்ளத்தில் செம்புக் கம்பியை இறக்கும்போது சுற்று எண்ண வேண்டும். 48 போட்டேனா 50 போட்டேனா என்று எனக்குக் குழம்பிவிட்டது, சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நாலே நாளில் மறுபடி எரிந்தது. அவர் சண்டை போடவில்லை. மோட்டாரை வண்டியில் ஏற்றி வேறு கடைக்குக் கொண்டுபோனார், என் கடை வழியாகவே. என் அப்பா கை வைத்தால் பத்து வருஷம் ஓடும் என்பார்கள். இதைச் சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். மேடம் தண்ணீர் கொடுத்துவிட்டு, “உங்க கைக்கு ஒரு மரியாதை இருந்தது, அது உங்களுக்கு வேணும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கும் குடித்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் குடிக்கும்போது அந்தக் கேள்வி கூடவே இருந்தது.

அடுத்த வாரம் பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள், உலக சுகாதார நிறுவனம் உருவாக்கியதாம், 40 மதிப்பெண்ணுக்கு. 20 தாண்டினாலே உடம்பு குடிக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்றார். எனக்கு 31. கல்லீரல் ரிசல்ட்டும் வந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுல என்ன இருக்குன்னு சொல்லலாமா?” என்று அனுமதி கேட்டார். சொல்லிவிட்டு, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார். பயமுறுத்தவே இல்லை, அதனாலேயே எனக்குப் பயம் வந்தது.

மேடம் பேசிய இந்த முறைக்கு ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ என்று பேர், அதைப் பற்றி அப்புறம் தேடிப் படித்தேன். வில்லியம் மில்லர் என்கிற அமெரிக்க உளவியலாளர், நார்வேயில் கொஞ்ச நாள் இருந்தபோது அங்கே இருந்த உளவியலாளர்களோடு பேசிப் பேசித் தெளிந்ததை 1983இல் கட்டுரையாக எழுதியிருக்கிறார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரும் அவரும் சேர்ந்து 1991இல் புத்தகமாக்கினார்கள். குடிக்கிறவனுக்கு எப்போதும் ரெண்டு மனசு. ஒருவர் ‘விடு’ பக்கம் நின்று பேசினால் அவன் ‘விடமாட்டேன்’ பக்கம் நின்று பேசுவான், பேசப் பேச அதையே நம்புவான். மில்லரும் மற்றவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆலோசகர் எந்த அளவுக்கு எதிர்த்து மோதிப் பேசினாரோ அந்த அளவுக்கு ஒரு வருஷம் கழித்தும் ஆலோசனைக்கு வந்தவர்கள் அதிகம் குடித்தார்களாம். எங்கள் வீட்டில் 18 வருஷம் நடந்தது இதுதான். அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1997இல் வந்தது. 12 வாரத்தில் 4 தடவை மட்டும் இப்படிப் பேசியவர்களுக்கும், வாரா வாரம் 12 தடவை வேறு முறைகளில் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் ஒரு வருஷம் கழித்துப் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்றாவது தடவை மனைவியையும் கூட்டி வரச் சொன்னார். அவளிடம், இவர் செய்ததில் உங்களுக்கு உதவியாக இருந்தது எது என்று கேட்டார். அவள் ரொம்ப நேரம் யோசித்து, “எவ்வளவு குடிச்சாலும் பொண்ணு பரீட்சை ஃபீஸ் மட்டும் தப்பாம கட்டிடுவாரு” என்றாள். அவள் வாயில் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்டு எத்தனை வருஷம் இருக்கும். அன்று முக்கியம் எவ்வளவு என்ற கேள்விக்கு 8 சொன்னேன். ‘முடியும் என்ற நம்பிக்கை’ எவ்வளவு என்றதற்கு 2. இந்த இரண்டும் வேறு வேறு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. விட வேண்டாம் என்று குடிக்கிறவன் இல்லை நான், விட முடியாது என்று குடிக்கிறவன்.

“2ஐ 3 ஆக்க என்ன வேணும்?” என்றார். அந்தக் கேள்விதான் வேலையை ஆரம்பித்துவைத்தது. நான் சொன்னேன், இங்கே வர முள்ளோடை, கன்னியக்கோயில் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது, பைக்கில் வந்தால் கை தானாகத் திருப்பிவிடும். நடுவில் நிற்காத பஸ்ஸில் வந்தால்? சரி, பஸ். கையில் காசு? டிக்கெட் காசு மட்டும். சாயங்காலம் கடையைச் சாத்தியதும் அந்த ஒரு மணி நேரம்? மச்சான் கூட வந்து உட்காரட்டும். ஒவ்வொன்றும் என் வாயிலிருந்துதான் வந்தது, அவர் எழுதிக்கொண்டார். சேர வேண்டிய நாளையும் நானே குறித்தேன், ஆயுத பூஜை முடிந்து என்று முதலில் சொன்னேன், பிறகு நானே அதற்கு முன்னால் மாற்றினேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் அன்றைக்குத்தான் குடி அதிகம்.

ஆஸ்பத்திரியில் 8 நாள். நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள், பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். கஷ்டம்தான், ஆனால் யாரும் கதவைப் பூட்டவில்லை, நானும் கதவைப் பார்க்கவில்லை.

குடிக்கிறவர் வீட்டில் இருந்தால் 14446க்குக் கூப்பிடுங்கள், போதையிலிருந்து மீள்வதற்கான தேசிய உதவி எண், காசு கிடையாது. அவர் தயாராக இல்லை என்றாலும் கூப்பிடுங்கள்.

இடையில் ஒருமுறை சறுக்கினேன். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் பழைய கூட்டாளிகள். ஒரே ராத்திரி. மறுநாள் வெட்கத்தோடு பஸ் ஏறிப் போய் மேடத்தின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் கேட்டார், “எப்படி சார் ஒரு நாளோட நிறுத்தினீங்க?” எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். விடிந்ததும் மனைவியிடம் மறைக்காமல் சொன்னது, பர்ஸை அவள் கையில் கொடுத்தது, கடை மேஜையில் பாதி காயில் கட்டிய ஒரு மோட்டார் ஸ்டேட்டர் இருந்தது.