வேன் ஏறி வரும் பாவு

கிளாஸ்கோவுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், பழைய பொருள் விற்கும் கடையொன்றில் பன்னிரண்டு பவுண்டுக்கு ஒரு கோட்டு வாங்கினேன். எட்ட நின்று பார்த்தால் வெறும் மரப்பட்டை நிறம்தான். சன்னலோரம் கொண்டுபோய்க் கண்ணருகே பிடித்தபோது அந்தப் பழுப்புக்குள் பாசிப்பச்சையும் செங்காவியும் ஊதாவும், அங்கங்கே மஞ்சளும் ஒரே நூலுக்குள் முறுக்கிக் கிடந்தன. நூற்ற பின் சாயமேற்றாமல், நூற்பதற்கு முன்பே கம்பளியைத் தனித்தனி நிறங்களில் தோய்த்து, அளவாகக் கலந்து நூற்பதால் வரும் நிறம் அது. உள்பைக்கு அருகே, உருண்டையின் மேல் சிலுவை வைத்த முத்திரையோடு ஒரு சீட்டு தைத்திருந்தது: ஹாரிஸ் ட்வீட். ட்வீட் என்றால் கனத்த கம்பளித் துணி.

அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே சாயமேற்றி நூற்ற புதுக் கம்பளியைக் கொண்டு, அத்தீவுவாசிகள் தங்கள் வீடுகளில் கையால் நெய்து, அத்தீவுகளிலேயே பதப்படுத்தி முடித்த துணிதான் ஹாரிஸ் ட்வீட் என்று பிரித்தானிய நாடாளுமன்றம் 1993-இல் சட்டம் இயற்றியது. முத்திரை அதைவிடப் பழையது. 1909-இல் தொடங்கிய சங்கம் ஒன்று அதைப் பதிவுசெய்து, 1911 முதல் துணியில் பதித்து வந்தது. தீவுக்கு வெளியே நூற்ற நூலால் நெய்த துணியையும் இந்தப் பெயரில் விற்கலாமா என்ற வழக்கு பின்னர் எழுந்து, கூடாது என்று 1964-இல் எடின்பரோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்களில் எனக்கு மிகப் பிடித்தது ‘வீடுகளில்’ என்பதுதான். ஆலைக்குள் நூறு தறிகளை வரிசையாகப் போட்டு, அதே மனிதர்களை அழைத்து நெய்யச் சொன்னாலும் அது ஹாரிஸ் ட்வீட் ஆகாது.

அத்தீவுவாசிகளின் கேலிக் மொழியில் இத்துணிக்குக் ‘க்ளோ மோர்’, பெரிய துணி, என்று பெயர். காற்றும் மழையும் ஓயாத நிலத்தில் மீனவரும் சிறு விவசாயிகளும் தமக்காக நெய்துகொண்டது. 1840-களில் அத்தீவுகளில் உள்ள ஹாரிஸ் பகுதியின் நிலவுடைமைக்காரரான டன்மோர் சீமாட்டி கேத்தரின் மர்ரி, தம் குலத்துக்குரிய கட்ட வடிவத்தை உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ட்வீடாக நெய்யவைத்துத் தம் வட்டத்துச் சீமான்களிடையே பரப்பிய பின்னரே அது விலைபொருளானது. அக்காலத்தில் பாறைப்பாசியிலிருந்து செம்பழுப்புச் சாயம் எடுத்தார்கள். நெய்த துணியைப் பலகையைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் பாட்டுப் பாடித் தாளத்தோடு அடித்து இறுக்கினார்கள். அதற்குப் பல நாள் சேர்த்துவைத்த சிறுநீரைப் பயன்படுத்தியதைச் சுற்றுலாக் கையேடுகள் சற்றே தணிந்த குரலில்தான் சொல்கின்றன.

சென்ற மே மாதம் அதே தீவுகளின் லூயிஸ் பகுதியில் ஒரு நெசவாளரின் கொட்டகையில் அரைநாள் நின்று பார்த்தேன். அவருடையது 1990-களில் வந்த இரட்டை அகலத் தறி. பழைய ஹாட்டர்ஸ்லி தறியில் 75 சென்டிமீட்டர் அகலமே நெய்ய முடியும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அது பற்றாததால்தான் 150 சென்டிமீட்டர் தறி வந்தது. மிதிவண்டியைப் போலவே மிதிக்க வேண்டும், மின்சாரம் கூடாது. மிதித்துக்கொண்டே இருந்தவர் சட்டென நிறுத்தினார். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவரோ துணியின் மேல் விரலை ஓடவிட்டு அறுந்த ஓர் இழையைப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி மிதித்தார். ஓசை மாறியதாம். கையைக் காட்டினார், நூலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு விரல் முழுக்க ஒட்டியிருந்தது. ஆலையில் கழுவி முடித்த பிறகுதான் துணிக்கு அந்த மென்மை வரும் என்றார்.

பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அவர் போடுவதில்லை. ஆலையில் பாவோடி உருளையில் சுற்றி, குறுக்கே ஓடும் ஊடை நூலோடு சேர்த்து வேனில் வீட்டு வாசலில் இறக்குகிறார்கள். நெய்த துணியை அதே வேன் எடுத்துப்போகிறது. கூலி துணிக்கு இவ்வளவு என்று கணக்கு. நம் ஊர் மாஸ்டர் வீவர் முறையை அறிந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. தொழிலைக் காப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தறியையே படம் பிடிக்கிறார்கள். ஆனால் தறியின் உயிர் அந்த வேனில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1966-இல் 76 இலட்சம் கஜம் நெய்த தீவு இது. வீடுகளுக்குள் வெப்பமூட்டிகள் வந்து, கனத்த கோட்டுகள் வழக்கொழிந்தபோது உற்பத்தி சரிந்தது. 2004-இல் நைக்கி நிறுவனம் காலணிக்காகக் கேட்ட ஏறத்தாழ 10,000 மீட்டர் துணி போன்ற வேலைகள் எப்போதாவது வந்தன. பிறகு தீவின் மிகப் பெரிய ஆலை கைமாறியது. புதிய உரிமையாளர் சுமார் 8,000 வகைகளை நான்காகக் குறைத்து, துணியை வெளியே விற்பதை நிறுத்தித் தம் கோட்டுகளுக்கு மட்டும் பயன்படுத்தினார். சட்டம் இருந்தது, முத்திரை இருந்தது, நெசவாளர்களும் இருந்தார்கள். பல வீடுகளுக்குப் பாவு வரவில்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதற்கு எதுவும் செய்ய முடியவில்லை, ஏனெனில் அது போலியைத் தடுக்குமே தவிர வேலை தராது.

மீட்சி ஷாபோஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. மூடிக்கிடந்த ஆலையை, முன்னாள் அமைச்சர் பிரையன் வில்சன் தலைமையேற்ற ஹாரிஸ் ட்வீட் ஹெப்ரிடீஸ் நிறுவனம் 2007-இல் திறந்து, பழைய வாடிக்கையாளர்களைத் தேடிப்போய், கைவிடப்பட்ட வகைகளை மறுபடி நெய்யக் கொடுத்தது. 2012-இல் தீவின் உற்பத்தி பத்து இலட்சம் மீட்டரைத் தொட்டது. இதைப் பழம்பெருமையின் வெற்றி என்று எழுதுவது எளிது. நான் அதை நூற்பாலையின் வெற்றி என்பேன். தறிக்கு ஒரு கொட்டகையும் ஓர் ஆளும் போதும். கம்பளியைத் தோய்த்து, கலந்து, நூற்று, கடைசியில் துணியைக் கழுவி முடிக்கும் இயந்திரங்களுக்கோ பெரும் முதல் வேண்டும். அதை யாராவது ஒருவர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மானியமும் பயிற்சியும் நெசவாளரோடு நின்றுவிட்டால் கற்றவர்கள் பாவுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

லூயிஸில் நான் பார்த்த அந்த நெசவாளர், கொட்டகை அலமாரியில் ஒரு ஜாம் குப்பி நிறையத் தேய்ந்த இரும்புத் துண்டுகளை வைத்திருந்தார். கடையில் கிடைக்காத பாகங்களை மாதிரி காட்டிச் செய்துகொள்வதற்காகவாம். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வெளியே வேனின் ஹாரன் கேட்டது. துண்டை என் கையிலேயே விட்டுவிட்டு உருளையை இறக்கப் போய்விட்டார்.