மலையிறக்கத்தில் நியூட்ரல் எதற்கு?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும், பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்பி காரை நியூட்ரலில் உருட்டி வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பிய பழைய கார்புரேட்டர் காலத்தில் அதற்குச் சிறிது நியாயம் இருந்தது. கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் இப்போதைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் பெட்ரோல் தெளிப்பது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கே பெட்ரோல் செலவாவதோடு, எஞ்சினே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக்கிங்கும் இல்லாமல் போய், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. உடனடி மைலேஜ் காட்டும் திரை உள்ள கார்களில், காலை எடுத்தவுடன் அந்த எண் உச்சத்துக்கு ஏறி நிற்பதைப் பார்க்கலாம்.

சமவெளியிலும் இதே பழக்கம் உதவும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும், கடைசி வரை மிதித்துப் போய்ப் பிரேக் அடிப்பதைவிட, முன்கூட்டியே காலை எடுத்து, கியரிலேயே வண்டியின் வேகத்தைக் குறையவிடுவது நல்லது. பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். நெடுஞ்சாலையில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே, ஓட்டுநர் பக்கக் கதவருகே ஒட்டியுள்ள அளவின்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.