எட்டோஷாவின் நீர்க்குட்டை ஓரங்களில்

2023 ஆகஸ்ட் 12, சனி

நமீபியாவின் வடபகுதியில் 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கும் எட்டோஷா தேசியப் பூங்காவுக்குள் இன்று பிற்பகல் நுழைந்து, ஒகாகுவேயோ முகாமில் தங்கியிருக்கிறோம். பூங்காவுக்குள் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் அளவுக்கு வெள்ளை வெளேரென்று உப்புப் படுகை கிடக்கிறது. மழை ஓய்ந்து மாதங்கள் கடந்த இந்தப் பருவத்தில் அது வறண்டு கிடப்பதால், அதன் தெற்கு விளிம்பில் ஊறும் சுனைகளையும், ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பப்படும் குட்டைகளையும் நாடிப் பெரும்பாலான விலங்குகள் வந்தாக வேண்டும். ஆகவே வண்டியில் ஓடி ஓடித் தேடுவதைக் காட்டிலும், ஒரு குட்டையின் ஓரம் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பதே இங்கே சிறந்த வழி என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கதிரவன் எழுந்து முகாமின் வாயில் திறந்ததும் ஒகோன்டேகா சுனைக்குச் சென்றோம். ஸ்பிரிங்பாக் மான்கள் பெருங்கூட்டமாக நீருக்குச் சற்றுத் தள்ளி நின்றிருந்தன. ஒன்றுகூடக் குடிக்க வரவில்லை. எல்லா முகங்களும் ஒரே திசையை நோக்கியிருந்தன. எங்கள் வழிகாட்டி தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பியபோது, காய்ந்த புல்லின் நிறத்தோடு ஒன்றிப்போய் இரண்டு பெண் சிங்கங்கள் படுத்திருப்பது தெரிந்தது. அவற்றில் ஒன்று தலையைத் திருப்பியபோது, காதுகளின் பின்புறத்திலுள்ள கரும்பட்டைதான் கண்ணில் முதலில் பட்டது. மான்களின் பார்வை காட்டிக் கொடுத்திராவிட்டால் நாங்கள் அவற்றைக் கடந்தே போயிருப்போம்.

சிங்கங்கள் எழுந்து சென்றபின் ஒட்டகச்சிவிங்கி ஒன்று வந்தது. முன்னங்கால்களை நன்றாக அகட்டினால்தான் அதன் வாய் நீரை எட்டும். அந்த நிலையில் சட்டென்று ஓட முடியாது என்பதால் குனிவதும், பாதியில் நிமிர்ந்து சுற்றிலும் பார்ப்பதுமாக நெடுநேரம் தயங்கியது. கடைசியில் குடித்துவிட்டுத் தலையை உயர்த்தியபோது உதட்டிலிருந்து நீர் வில்லாக வளைந்து தெறித்தது. இதற்கிடையே நமக்குவா கல்கௌதாரிகள் கூட்டங்கூட்டமாக இறங்கின. குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் ஆண் பறவை தன் வயிற்று இறகுகளை நனைத்து, அவற்றில் தேங்கிய நீரைத் தொலைவிலுள்ள குஞ்சுகளுக்குச் சுமந்து செல்லும். சிங்கத்தைக் கண்டதும் புறப்பட்டுவிடும் வண்டிகள் இவற்றையெல்லாம் தவறவிடுகின்றனவே என்று வருத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 14, திங்கள்

நெப்ரௌனி குட்டையில் ஆண் யானைகள். வெண்களிமண்ணை வாரி வாரி இறைத்துக்கொண்டதில் சுண்ணாம்பு அடித்த சுவர்களைப் போல் நின்றன. ஓரிக்ஸ் மான்களும் வரிக்குதிரைகளும் அவை நகரும்வரை வெயிலில் பொறுமையாகக் காத்திருந்தன. பிற்பகலில் காற்றும் புழுதியும் மிகுந்ததால் முகாமுக்குத் திரும்பினோம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய், இரவு

பூங்காச் சாலைகளில் இரவில் வண்டி ஓட்ட அனுமதியில்லை. ஆனால் ஒகாகுவேயோ முகாமை ஒட்டியே விளக்கொளி பாய்ச்சிய குட்டை ஒன்று உள்ளது. தாழ்ந்த மதிலுக்கு இப்பால் இருக்கைகளில் அமர்ந்து பார்க்கலாம். அமாவாசைக்கு முந்தைய இருளில், கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று கன்றுடன் வந்தது. உலகளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் இவ்வினத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இன்று நமீபியாவில் வாழ்கிறது. பெயர் அப்படியிருந்தாலும் நிறத்தை வைத்து இதை அடையாளம் காண இயலாது. வெள்ளைக் காண்டாமிருகத்துக்குப் புல் மேய ஏற்ற அகன்ற வாய் இருக்க, இதற்கோ புதர்க் கிளைகளைப் பற்றி இழுக்க ஏதுவாக மேலுதடு கூர்ந்து வளைந்திருக்கும். தொலைநோக்கியில் அந்த உதட்டிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்தேன். கண்பார்வை மங்கலான விலங்கு. எங்களில் ஒருவர் இருமியதும் இரு காதுகளும் தனித்தனியே சுழன்று எங்கள் பக்கம் நின்றன. பின்னர் யானைக் கூட்டம் ஒன்று வந்தது. தாய்க் காண்டாமிருகம் ஒருமுறை சீறிவிட்டுக் குட்டையின் மறுகரைக்கு விலகியது, போகவேயில்லை. இந்த உறுதியைக் கண்டு மனம் நெகிழ்ந்தது.

ஆகஸ்ட் 16, புதன்

ஹலாலி முகாமுக்குப் போகும் வழியில், பகலில் புதருக்குள் நின்ற மற்றொரு காண்டாமிருகத்தைக் கண்டோம். அதன் கொம்பு அறுக்கப்பட்டிருந்தது. நகத்தைப் போலவே கெரட்டினால் ஆன கொம்பு மீண்டும் வளரும்; கள்ள வேட்டைக்காரர்களுக்கு அந்த விலங்கால் ஆதாயமில்லாமல் செய்வதற்காகவே வனத்துறையினர் அதற்கு மயக்க மருந்து கொடுத்துக் கொம்பை அறுக்கிறார்கள். ஒகாகுவேயோ குட்டைக்குக் காண்டாமிருகம் வருவது உலகறிந்த செய்தி என்பதால் அதை எழுதினேன். இதைக் கண்ட இடத்தை எழுதப் போவதில்லை. படங்களை வெளியிடும் நண்பர்களும், கைப்பேசி தானாகப் பதிந்துவைக்கும் இருப்பிடத் தகவலை முதலில் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.