எங்கள் திங்கட்கிழமைகள்

சென்னைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. கோலாலம்பூரில் இருக்கும் தோழிகள் வாட்ஸ்அப்பில் கேட்பது ஒன்றேதான்: "அங்கே நாள் பூரா என்ன செய்றீங்க? ஊரெல்லாம் சுற்றிப் பார்த்தாச்சா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. நான் 31 வருடம் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலையைத் தொடங்கியவர்; பழைய தோட்டத்து ஆட்களுக்கு அவர் இன்றும் "டிரசர்"தான், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர். எங்கள் லுத்தரன் சபை வழியாக ஒன்றரை வருட ஊழியத்துக்கு வந்திருக்கிறோம். மிஷனரி விசா கைக்கு வரவே பல மாதம் காத்திருந்தோம். புரசைவாக்கத்தில் ஒரு முதியோர் இல்லம், அதில் 26 பேர். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு வீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும்.

காலை ஐந்தரைக்கு வீட்டுக்கார அம்மா கீழிருந்து குரல் கொடுப்பார்: "டீச்சர், தண்ணி வந்துடுச்சு!" மெட்ரோ வாட்டர். அடிபம்பில் இவர் அடிக்க, நான் குடம் மாற்றுவேன். அப்புறம் ஆவின் நீல பாக்கெட் வாங்கி வந்து காப்பி. வந்த புதிதில் இந்த அம்மாவிடம் "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்போம். அவர் முகம் மாறிவிட்டது. "பசியெல்லாம் இல்லையே, நல்லாத்தான் இருக்கோம்" என்றார். நான் விளக்கிச் சொன்னேன். இப்போது அவரே தினமும் காலையில் மாடியைப் பார்த்து, "பசியாறியாச்சா டீச்சர்?" என்கிறார். அதைக் கேட்டுவிட்டுப் படியிறங்கினால் அன்றைய நாள் நன்றாகத் தொடங்கியது போல இருக்கும்.

ஒன்பது மணிக்கு இல்லத்தில் இருப்போம். இவருடைய வேலை கால்கள். 26 பேரில் 14 பேருக்குச் சர்க்கரை. வராந்தாவில் ஒரு முக்காலி, ஒரு பேசின், ஒரு துண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் தன் முழங்கையை வைத்துப் பார்ப்பார். உணர்ச்சி மரத்துப்போன கால், சூட்டைச் சொல்லாது. ஊற வைக்கமாட்டார், கழுவி எடுத்துவிடுவார். பிறகு துண்டு முனையைச் சுருட்டி ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டு ஈரத்தை ஒற்றி எடுப்பார். அந்த ஈரம்தான் புண்ணுக்கு வாசல் என்பார். நகத்தை நேராக வெட்டுவார், ஓரத்தை வளைத்துக் குடைய மாட்டார். கடைசியில் பாதத்தைத் தன் மடியில் வைத்து, ஒரு மெல்லிய நைலான் இழையால் அங்கங்கே தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் பதில் சொல்லும் வரை காத்திருப்பார். ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி 38 வருடம் ஆகிறது, இவர் வேலை செய்வதை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இப்போதுதான்.

என் வேலை வாசிப்பது. கண் தெரியாதவர்களுக்குத் தினசரி, பைபிளிலிருந்து சங்கீதம், பிள்ளைகளின் பழைய கடிதம், எது கேட்டாலும். படிவம் நிரப்புவதும் உண்டு. போன மாதம் ஆதார் வேலையாக ஒரு பெரியவரை அழைத்துப் போனேன். கைரேகை விழவே இல்லை. பத்து விரலும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. "நாப்பது வருஷம் ஈய எழுத்தும்மா" என்றார். பிராட்வே பக்கம் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். வயதும் ஒரு காரணமாக இருக்கும். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது.

மாலை ஐந்து மணிக்குப் பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால். அங்கே ஏழரை, சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள். அவ்வளவுதான் நாள்.

ஞாயிறு முழுக்க ஆலயம். திங்கள் எங்களுக்கு ஓய்வு நாள், ஊர் பார்க்கும் நாள். முதல் இரண்டு மாதம் நாங்கள் இருவர் மட்டும் போனோம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். இவருக்கு மட்டும் காசு கொடுப்போம். சாந்தோம் போனோம், எழும்பூர் மியூசியம் போனோம். மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தோம். வீரமாமுனிவர், கால்டுவெல், போப் மூவர் முன்னாலும் நான் வெகுநேரம் நின்றேன். மூவரும் அந்நிய தேசத்திலிருந்து ஊழியத்துக்கு வந்தவர்கள். கால்டுவெல் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே போனவர். போப் தன் திருக்குறள் மொழிபெயர்ப்பை 1886இல் வெளியிட்டார், அப்போது அவருக்கு 66 வயது. எனக்கு இப்போது 64. இதைச் சொன்னதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு இந்த ஊர் அந்நியமா, சொந்தமா என்று இன்னும் பிடிபடவில்லை. என் தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1930களில் இதே சென்னைத் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்குப் பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போனவர், திரும்பி வரவே இல்லை. மெரினாவில் நின்று வடக்கே பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிகின்றன. தாத்தாவும் கடைசியாகப் பார்த்தது இந்தக் கரையைத்தானே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சுண்டல் விற்ற பையன், "இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரு கை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தான்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் அறையில் இருக்கும் அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: "நாளைக்கு எங்க போறீங்க டீச்சர்?" பரங்கிமலை என்றேன். "நான் பார்த்ததே இல்ல" என்றார். 78 வயது. பிறந்தது பெரம்பூர், வாழ்க்கைப்பட்டது ஓட்டேரி, இப்போது புரசை. சென்னையை விட்டு எங்கும் போனதில்லை, ஆனால் பரங்கிமலையைப் பார்த்ததில்லை. வீட்டு வேலை செய்து பிள்ளையை வளர்த்தவருக்குத் திங்கட்கிழமை எங்கே ஓய்வு? என்னையும் கூட்டிப் போங்கள் என்று அவர் வாய் திறந்து கேட்கவில்லை. நான்தான் இல்லத்துப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டேன்.

கீழ்ப்பாக்கத்தில் மெட்ரோ ஏறினோம். லிஃப்ட் இருப்பதால் அவருக்குச் சிரமம் இல்லை. ரயில் சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு ஏறியபோது, "அடியம்மா, வூட்டு மாடியெல்லாம் தெரியுதே!" என்று ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஆட்டோ மலை உச்சி வரை போகும்.

உச்சியில் இருப்பது சின்னக் கோயில். 1523இல் போர்ச்சுகீசியர் கட்டியது. இயேசுவின் சீடர் தோமா இங்கேதான் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம்பிக்கை. பீடத்தில் பதித்திருக்கும் கல் சிலுவையைச் சுற்றிப் பகலவி என்ற பழைய பாரசீக மொழியில் எழுத்து ஓடுகிறது. நான் சிலுவையைக் காட்டி இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா தலையாட்டினார். ஆனால் வெளியே வந்து கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றதும் அவருக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. கீழே விமான நிலையம். ஓடுபாதை நீளமாக, முழுசாகத் தெரிந்தது.

அவருடைய ஒரே மகன் 19 வருடத்துக்கு முன் துபாய் போனவர். பணம் வரும், போன் வரும், ஆள் வருவது குறைந்துவிட்டது. "அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன் டீச்சர். உள்ள வுடல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்ட்டான். எந்த பிளேன்ல போனான், எந்தப் பக்கமா போனான், ஒண்ணும் தெரியாம வூட்டுக்கு வந்துட்டேன்." சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "அப்ப, இங்கேருந்து ஓடி, அங்க தூக்குவான்" என்று விரலால் ஒரு கோடு போட்டார். ஒரு விமானம் ஏறியது. அது புள்ளியாகிற வரை பார்த்தார். ஏழு விமானம் எண்ணினார். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

எட்டாவது வருவதற்குள் அவர் முகம் வியர்த்தது, கை நடுங்கியது. இவர் உடனே கவனித்துவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது. தப்பு என்னுடையது. காலையில் மாத்திரை போட்டாரா என்று கேட்ட நான், என்ன சாப்பிட்டார் என்று கேட்கவில்லை. வெளியே போகும் சந்தோஷத்தில் அரை இட்லியோடு எழுந்து வந்திருக்கிறார். நான் ஓடிப் போய் ஆட்டோக்காரர் உதவியோடு சர்க்கரை வாங்கி வந்தேன். மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, இவர் கடிகாரத்தைப் பார்த்தபடி 15 நிமிடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நடுக்கம் நின்றது. பிறகு பிஸ்கட். கண்ணைத் திறந்ததும் அம்மா சொன்னது, "என்னால உங்க லீவு நாள் கெட்டுப்போச்சே." அந்தப் பதினைந்து நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. இப்போது என் கைப்பையில் குளுக்கோஸ், பிஸ்கட், தண்ணீர், அவரவர் மாத்திரைச் சீட்டு எல்லாம் இல்லாமல் படி இறங்குவதில்லை.

பொறுப்பாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இனி அனுமதி கிடைக்காது என்றுதான் நினைத்தேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "ஒரு தடவைக்கு ஒருத்தர் மட்டும், சாப்பிட்டதை நான் பார்த்த பிறகு" என்றார். அன்றிலிருந்து எங்கள் திங்கட்கிழமையில் மூன்றாவதாக ஒருவர் உண்டு. இதுவரை 11 பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர் கடலில் காலை நனைக்க மட்டும் ஆசைப்பட்டார். இன்னொருவர் தான் படித்த பள்ளிக்கூட வாசலைக் காட்டச் சொன்னார், பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம். சுற்றுலாப் புத்தகத்தில் இருக்கும் இடங்கள் பாதிகூட முடியவில்லை, எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வரும் திங்கள் கம்பாசிட்டர் ஐயாவின் முறை. ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆலயம் வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்தார். 1680இல் கட்டியது. அதன் முற்றத்தில் லத்தீன், போர்ச்சுகீசு, ஆர்மீனிய எழுத்துகள் வெட்டிய பழைய கல்லறைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்து வெட்டிய நேர்த்தியைத் தடவிப் பார்க்க வேண்டுமாம். வேப்பேரியைப் பற்றியும் சொன்னேன். 1761இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சு இயந்திரம் வேப்பேரியில் இருந்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் கைக்கு வந்தது. 1779இல் அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி வேப்பேரி அச்சகத்தில்தான் அச்சானது. இங்கிருந்து கூப்பிடு தூரம். ஐயா நான் சொன்ன மற்ற எதையும் கேட்கவில்லை. "எழுத்துக் கோத்தது யாரு? தமிழாளுங்கதானே?" என்று மட்டும் கேட்டார். பெயர்கள் எங்காவது கிடைக்குமா என்று தேடிப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கோட்டைக்கு வெள்ளைச் சட்டையில்தான் வருவாராம். காலர் மஞ்சளாகியிருந்தது, நேற்று நீலம் போட்டு அலசினேன். இன்று மாலை தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு வண்டி கிடையாது என்பதால் இரவு எட்டு மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். எட்டாகிவிட்டது, போய் வாங்கி வருகிறேன்.