குரல் நாண் அறுவைக்கு முன்னும் பின்னும் நான் எடுத்த அளவுகள்

தக்கலைக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில் 19 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் என் தைராய்டு சுரப்பியில் இருந்த கட்டியை அகற்றினார்கள். மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்க வாயைத் திறந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. மயக்கத்தின்போது தொண்டையில் குழாய் போட்ட வீக்கம் என்றும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றும் சொன்னார்கள். ஒரு மாதம் கழிந்த பிறகும் அப்படியே இருந்ததால் வேறொரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். அவர் மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்த்து, இடப்பக்கக் குரல் நாண் அசைவற்று ஒதுங்கி நிற்பதைத் திரையில் எனக்குக் காட்டினார்.

குரல் நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டு சுரப்பியின் பின்புறத்தை ஒட்டியே மேலேறுகிறது. இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் கழுத்துக்கு வருகிறது. அறுவையின்போது அந்த நரம்பு இழுபட்டாலோ நசுங்கினாலோ அந்தப் பக்கத்து நாண் செயலிழக்கும். இது நிகழக்கூடிய ஒன்று என்பதை நான் பின்னர் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அந்த முதல் அறுவைக்கு முன் ஒருவரும் என் குரலைப் பதிவு செய்யவில்லை, என் நாண்களைப் பார்க்கவில்லை என்பதை இன்றும் ஏற்க முடியவில்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளையை ஓட்டப் பயிற்சிக்குச் சேர்க்கும்போதுகூட முதல் நாளே நேரத்தைக் குறித்து வைக்கிறோம். குரலை வைத்தே பிழைக்கிறவளுக்கு அந்த முன்னளவு எடுக்கப்படவில்லை. அதனால் நான் எவ்வளவு இழந்தேன் என்பதற்கு இன்றும் என் நினைவைத் தவிர வேறு சான்று கிடையாது.

நரம்பு தானாகவே தேறக்கூடும் என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் காத்திருப்பில்தான் இந்தக் குறிப்பேட்டைத் தொடங்கினேன். குரல் நாண் பேசுவதற்கு மட்டும் உரியதன்று என்பதை இழந்த பிறகே உணர்ந்தேன். தண்ணீர் குடித்தால் புரையேறியது. தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி ஒவ்வொரு மடக்காக விழுங்கக் கற்றுக்கொண்டேன். பளுவைத் தூக்கும்போது நாண்கள் இரண்டும் இறுக மூடி நெஞ்சுக்குள் காற்றை நிறுத்தினால்தான் உடல் உறுதியாக நிற்கும். எனக்கு அந்தக் கதவு சாத்தவில்லை. கிணற்றடியிலிருந்து நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றும்போது மூச்சு கசிந்து வெளியேறுவதை என் காதாலேயே கேட்டேன். விசில் ஊதுவதில் மட்டும் ஒரு குறையும் இல்லை. அதற்கு நாண் அதிர வேண்டியதில்லை, காற்று இருந்தால் போதும். அந்த எட்டு ஒன்பது மாதங்கள் என் வகுப்புகள் விசிலாலும் கைச்சைகையாலும்தான் நடந்தன.

பேச்சுப் பயிற்சியாளர் எடுத்த முதல் அளவு மிக எளிமையானது. மூச்சை நிறைய இழுத்து, ‘ஆ’ என்று இயன்றவரை நீட்ட வேண்டும். நலமான பெரியவர்கள் 15 வினாடிக்கு மேல் நீட்டுவார்கள். 10 வினாடிக்குக் குறைந்தால் குறைபாடு என்று கொள்கிறார்கள். எனக்கு 5 வினாடி. அடுத்ததாக, குரல் சேராத ‘ஸ்’ என்ற ஓசையை நீட்டச் சொன்னார். பிறகு அதே ஓசையை வண்டின் ரீங்காரம்போலக் குரல் சேர்த்து நீட்டச் சொன்னார். முதலாவது 18 வினாடி வந்தது. இரண்டாவது 6 வினாடியில் அறுந்தது. “டீச்சர், உங்க நுரையீரலுக்கு ஒண்ணும் இல்ல. காத்து கழுத்துலதான் போகுது” என்றார். நலமானவர்களுக்கு இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். எனக்கோ ஒன்று மற்றதைப்போல மூன்று மடங்கு. எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு கைக்கடிகாரத்தைக் கொண்டு, நுரையீரலையும் குரல்வளையையும் தனித்தனியே பிரித்துக் காட்டிய அந்தச் சோதனை என்னை மிகவும் ஈர்த்தது. ஏனெனில் எனக்குப் பழக்கமான ஒரு விளையாட்டிலும் இதே முறைதான் இருக்கிறது.

அந்த விளையாட்டு ஓரியன்டீரிங். தேசிய மாணவர் படையில் வரைபடம் வாசிக்கக் கற்ற காலத்திலிருந்தே அதன்மேல் எனக்குப் பற்று உண்டு. சுவீடன் நாட்டுப் படை வீரர்களின் பயிற்சியாகத் தொடங்கி, 1919இல் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் நடத்திய போட்டிக்குப் பிறகு பரவிய இந்த விளையாட்டில், வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் கொண்டு, காட்டில் நட்டிருக்கும் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த அடையாளத் துணிகளை வரிசைப்படி கண்டடைந்து ஓடி முடிக்க வேண்டும். பாதையை ஓடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். குலசேகரத்துக்கு அருகே என் சித்தப்பாவின் ரப்பர் விளையிலும் அதை ஒட்டிய விளைகளிலும் என் மாணவர்களுக்காக எட்டு நிலைகள், அதாவது அடையாளத் துணி நட்ட எட்டு இடங்கள், கொண்ட ஒரு தடம் அமைத்திருக்கிறேன். சரிவில் ரப்பரைத் தட்டுத் தட்டாக நடுவதால், வரைபடத்தின் சமவுயரக் கோடுகள் மண்ணிலேயே வரைந்து வைத்ததுபோல் தெரியும். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை.

இந்த விளையாட்டில் மொத்த நேரத்தை மட்டும் வைத்து எந்தப் பயிற்சியாளரும் ஒரு முடிவுக்கு வருவதில்லை. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே ஆன நேரத்தைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பார்கள். ஏற்றத்தில் நேரம் போனால் கால்களும் மூச்சும் காரணம். சமதளத்தில் ஓரிடத்தில் மட்டும் நேரம் கொட்டிப் போயிருந்தால் வழி தவறியதே காரணம். இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் சிகிச்சை தவறான இடத்துக்குப் போகும். என் உடம்பையும் இப்படித்தான் பிரித்து அளக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நரம்பு தேறாததால், குரல் நாணைச் சரிசெய்ய இரண்டாவது அறுவை ஒன்று முடிவானது. அதற்கு முந்தைய மாதம் ஆறு நிமிட நடைச் சோதனை செய்தார்கள். 30 மீட்டர் நீளமுள்ள நடைவழியின் இரு முனைகளிலும் கூம்புகளை வைத்து, ஆறு நிமிடத்தில் இயன்ற தூரத்தை நடக்கச் சொல்லுவார்கள், ஓடக் கூடாது. தொடக்கத்திலும் முடிவிலும் நாடித்துடிப்பு, இரத்த ஆக்சிஜன், 0 முதல் 10 வரையிலான போர்க் அளவுகோலில் மூச்சுத்திணறல் ஆகியவற்றைக் குறிப்பார்கள். முதல் முறை 528 மீட்டர். மறுநாள் மறுபடியும் நடக்கக் கேட்டுக்கொண்டேன், 546 மீட்டர். எதுவும் தேறாமல், பழக்கத்தால் மட்டுமே இந்தத் தூரம் கூடும் என்பது அறிந்த செய்திதான். ஆகவே இரண்டாவது எண்ணையே என் முன்னளவாக எழுதிக்கொண்டேன். இதைச் செய்யாதிருந்தால், அறுவைக்குப் பிறகு கிடைக்கும் ஒரு பொய்யான முன்னேற்றத்தை நம்பியிருப்பேன்.

ஆனால் 546 மீட்டர் என்பது நலமான ஒருவரின் நடை. அந்த எண்ணைப் பார்த்த ஒரு பணியாளர் எனக்குக் குறையே இல்லை என்ற பொருளில் பேசினார். பேசாமல் நடக்கும்போது எனக்கு உண்மையிலேயே குறை இல்லை. ஒதுங்கி நின்ற நாண் காற்று வழியை அடைக்கவில்லை. ஆனால் என் வேலை பேசிக்கொண்டே நடப்பது. எனவே பள்ளி வராந்தாவில் அதே 30 மீட்டரை அளந்து, ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே ஆறு நிமிடம் நடந்தேன். 452 மீட்டர்தான் வந்தது. ஒரு மூச்சுக்கு நான்கு எண்களுக்குமேல் சொல்ல முடியவில்லை, தலை சுற்றியது, திணறல் 3இலிருந்து 6ஆக ஏறியது. பேச்சில்லா நடைக்கும் பேச்சுடன் நடைக்கும் இடையிலான அந்த 94 மீட்டர்தான் என் நோய். மருத்துவரிடம் அதைக் காட்டினேன். அவர் அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்துக்கொண்டது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது.

மே மாத விடுமுறையில் தைரோபிளாஸ்டி எனப்படும் அறுவையைச் செய்தார்கள். ஜப்பானிய மருத்துவர் நொபுஹிக்கோ இஷ்ஷிக்கி 1974இல் வெளியிட்ட முறை அது. கழுத்தின் முன்புறக் குருத்தெலும்பில் சிறிய சன்னல் ஒன்றை வெட்டி, அதன் வழியே ஒரு சிலிக்கோன் துண்டைச் செருகி, செயலிழந்த நாணை நடுக்கோட்டை நோக்கித் தள்ளுவார்கள். நரம்பு உயிர்பெறுவதில்லை, அசையும் நாண் வந்து முட்டிக்கொள்ள மறுபக்கத்தில் ஒரு சுவர் கிடைக்கிறது. கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதால் நான் விழித்தேயிருந்தேன். வலி இல்லை, அழுத்தமும் இழுப்பும் நன்றாகத் தெரிந்தன. மருத்துவர் துண்டைச் சற்றுத் தள்ளி, “‘ஈ’ சொல்லுங்க” என்றார். பிறகு ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார். திருத்தினார், மறுபடியும் எண்ணச் சொன்னார். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, பச்சைத் துணிக்கு அடியிலிருந்து என் சொந்தக் குரல் ‘ஏழு’ என்று சொல்லக் கேட்டேன். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கை கட்டப்பட்டிருந்தது, செவிலியர் துடைத்துவிட்டார்.

உள்வீக்கம் மூச்சுவழியை நெருக்கக்கூடும் என்பதற்காக ஓர் இரவு கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். சில நாள் மௌனம், நான்கு வாரம் ஓட்டமும் பளுவும் விலக்கு. முதல் இரண்டு வாரங்கள் குரல் இறுகிக் கரகரத்ததால் பயந்தேன். வீக்கம் வடிய வடியத் தெளிந்தது. வீட்டுக்கு வந்து, தலை தாழ்த்தாமல் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பியைப் புரையேறாமல் குடித்ததையும் நாள் குறித்து எழுதி வைத்திருக்கிறேன். அம்மா எதிரில் அமர்ந்து ஒவ்வொரு மடக்கையும் பார்த்துக்கொண்டிருந்து, “போதும் மக்கா, மெதுவாக் குடி” என்றாள்.

எட்டாவது வாரத்தில் எல்லா அளவுகளையும் மறுபடியும் எடுத்தோம். ‘ஆ’ 5இலிருந்து 14 வினாடி. ‘ஸ்’ 19, ரீங்காரம் 15. குரல் குறைபாடு அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் 30 கேள்விகள் கொண்ட படிவத்தில், மொத்தம் 120 மதிப்பெண்ணுக்கு 81 ஆக இருந்தது 29 ஆகக் குறைந்தது. பேச்சில்லா நடை 552 மீட்டர். முன்னளவைவிட 6 மீட்டர்தான் கூடுதல், அதாவது மாற்றமே இல்லை. பேச்சுடன் நடை 530 மீட்டர், ஒரு மூச்சுக்குப் பத்து எண்கள், திணறல் 4. பேச்சில்லா நடையை மட்டும் அளந்திருந்தால், இந்த அறுவை என் உடல்திறனுக்கு ஒன்றும் செய்யவில்லை என்றே பதிவாகியிருக்கும்.

இன்னொரு கவலை எஞ்சியிருந்தது. அசையாத நாணை நடுவில் நிறுத்திவிட்டதால், இனி மூச்சிழுக்கும்போது மறுபக்க நாண் மட்டும்தான் விலகி வழிவிடும். நடப்பதற்கு அது போதும். ஏற்றத்தில் முழு வேகத்தில் ஓடுவதற்குப் போதுமா? குழாயில் ஊதியும் இழுத்தும் செய்யும் நுரையீரல் சோதனையின் கோட்டுப்படத்தில், மேல் வளைவு மூச்சு விடுவதையும் கீழ் வளைவு மூச்சு இழுப்பதையும் காட்டும். குரல்வளையில் நெருக்கடி இருந்தால் கீழ் வளைவு தட்டையாகிவிடும். என் கீழ் வளைவு முன்பைவிடச் சற்றே தாழ்ந்திருந்தாலும் உருண்டையாகவே இருந்தது. ஓடலாம் என்றார் மருத்துவர்.

பன்னிரண்டாவது வாரம், ஆகஸ்ட் மாதத்தின் ஒரு சனிக்கிழமை, குலசேகரத்துத் தடத்தில் ஓடினேன். சாரல் விட்டிருந்தது. பால்வெட்டு முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மரங்களில் மழைக்காகக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நோய்க்கு முன் அதே தடத்தில் என் நேரம் 43 நிமிடம் 20 வினாடி. அன்று 47 நிமிடம் 5 வினாடி. கடிகாரத்தைப் பார்த்ததும் மனம் உடைந்தது. துண்டு வழியை அடைத்துவிட்டது, குரலுக்கு விலையாக ஓட்டத்தைக் கொடுத்துவிட்டேன் என்றே எண்ணினேன்.

திண்ணையில் அமர்ந்து, பழைய குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்து, நிலைவாரியாக நேரங்களை எழுதிய பிறகுதான் உண்மை தெரிந்தது. மூன்றாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கான செங்குத்தான ஏற்றம், மூச்சுக்கு மெய்யான சோதனை. பழைய நேரம் 5 நிமிடம் 10 வினாடி, புதிய நேரம் 5 நிமிடம் 15 வினாடி. கூடுதலாக ஆன 225 வினாடிகளில் 210 வினாடி ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் போயிருந்தது. அங்கே பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நட்டிருக்கிறார்கள். மரம் ஏற்றிய லாரிக்காக வெட்டிய மண்பாதையை வரைபடத்திலுள்ள பழைய பாதை என்று நம்பி, ஓடைக்கு மறுகரை வரை ஓடித் திரும்பியிருந்தேன். குறை என் கழுத்தில் இல்லை. திருத்தப்படாத வரைபடத்தில்தான் இருந்தது. அன்று மாலையே அந்தப் பாதையை வரைபடத்தில் வரைந்து சேர்த்தேன்.

கடைசியாக ஓர் அளவை நானே வகுத்துக்கொண்டேன். எந்த மருத்துவமனையிலும் அதை எடுக்கவில்லை. காற்றில்லாத காலையில், மைதானத்தின் ஒரு கோடியில் நான் நின்று, கூச்சலிடாமல், வகுப்பில் பேசும் உரத்த குரலில் பத்து எண்களை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். எதிரே ஒரு மாணவி முதுகைக் காட்டி நின்று, கேட்ட எண்களை எழுதுவாள். பத்தில் குறைந்தது எட்டு எண்கள் சரியாக வரும் தூரம்தான் கணக்கு. அறுவைக்கு முன் அது 10 மீட்டர். பன்னிரண்டாவது வாரத்தில் 40 மீட்டர். நோய்க்கு முன் 100 மீட்டர்க் கோட்டின் மறுமுனையில் நிற்கும் பிள்ளையை நான் பெயர் சொல்லி அழைத்ததுண்டு. அந்தத் தூரம் திரும்பாது என்று பேச்சுப் பயிற்சியாளர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆகவே மைதானத்தில் 40 மீட்டரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு விசில், இப்பால் இருப்பவர்களுக்குக் குரல். ஆறாம் மாத அளவு நவம்பரில். எண்களை எழுதுவதற்கு அதே மாணவியையே வரச் சொல்லியிருக்கிறேன்.