மாத்திரைக்கு முன்னால் ஒரு கேள்வி

விந்துப் பரிசோதனைக் கூடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, "ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டா கவுன்ட் ஏறிடுமா சார்?" என்பதுதான். அதற்கு நான், "என்ன வேலை பாக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பெயிண்ட், பூச்சிக்கொல்லி, பிளாஸ்டிக் வார்ப்பு என்று பதில் வந்தால் உட்காரவைத்துப் பேசுவேன்.

வேலையைப் பற்றிய என் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற புழுக்கொல்லி தயாரித்த ஆலையில், தங்களில் பலருக்குக் குழந்தை இல்லை என்பதைத் தொழிலாளர்களே பேசிக்கொண்ட பிறகுதான் விந்துப் பரிசோதனை நடந்தது. பலருக்கு எண்ணிக்கை மிகக் குறைவு, சிலருக்கு விந்தணுவே இல்லை. டிபிசிபி விந்தகத்தை நேரடியாகத் தாக்கும் நச்சு. ஹார்மோனைக் குலைப்பவை இவ்வளவு வெளிப்படையாகத் தாக்குவதில்லை. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி சிதைந்து உருவாகும் டிடிஇ, ஆண் ஹார்மோன் செல்லில் வந்து ஒட்டவேண்டிய இடமான ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் சில, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைக்கின்றன. சிலவகைப் பிளாஸ்டிக்கில் இருக்கும் பிஸ்பினால் ஏ, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கிறது.

இவை விந்தகத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும், அதாவது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி செல்லைச் சேதப்படுத்துவதையும், கூட்டுவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. விந்தணுவால் அதைத் தாங்குவது கடினம். அதன் சவ்வு முழுக்க எளிதில் ஆக்சிஜனேற்றமாகும் கொழுப்பு அமிலங்கள். பாதுகாப்பு நொதிகளை வைத்துக்கொள்ள வேண்டிய சைட்டோபிளாசமோ (செல்லுக்குள் இருக்கும் கூழ்) மிகக் கொஞ்சம். மைக்ரோஸ்கோப்பில் வால் அசையாமல் கிடக்கும் அணுக்களைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

ஆக, இந்த அழுத்தத்தைத் தணிக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட்களான வைட்டமின் சி, ஈ, மெலடோனின் கொடுத்தால் சரியாகிவிட வேண்டும் அல்லவா? எலிகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அங்கே நச்சையும் மருந்தையும் அளந்து, சேர்த்தே கொடுக்கிறார்கள். மனிதர்களில் கதை வேறு. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்து 2,370 ஆண்களிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு 2020இல் வெளியானது. குழந்தைப் பிறப்பு கூடவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களின் விந்தணுக்களில் டிஎன்ஏ சிதைவு சற்று அதிகமாகவே இருந்தது. அதே ஆண்டு வந்த மாக்ஸி (MOXI) என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வில் பல ஆன்டி-ஆக்சிடன்ட்களைக் கலந்து கொடுத்தும் விந்தின் தரம் உயரவில்லை. இன்னொன்று, கருமுட்டையைத் துளைக்கத் தயாராவதற்கு விந்தணுவுக்கே அந்த வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் கொஞ்சம் தேவை. எல்லாவற்றையும் துடைத்தெடுப்பது பாதுகாப்பு ஆகாது.

இந்த இரண்டு ஆய்வுகளும் ரசாயனத்தோடு புழங்குபவர்களை மட்டும் தனியாகப் பார்த்தவை அல்ல. அதனால் மாத்திரையே வீண் என்று நான் சொல்வதில்லை, அதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. கையுறை, முகக்கவசம், வேலை முடிந்ததும் உடை மாற்றுவது, சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் வைக்காதது, இவைதான் என் முதல் பேச்சு. பிஸ்பினால் ஏ ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும். தினமும் உள்ளே வருவதால்தான் தங்கியிருப்பது போலத் தெரிகிறது. டிடிஇ அப்படியல்ல, கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும், அப்புறம் முதிர்ந்து வெளிவர இன்னும் ஓரிரு வாரம். அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்வேன்.

எங்கள் படிவத்தில் புகை, மது, காய்ச்சல் பற்றியெல்லாம் கேள்வி உண்டு, தொழிலுக்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் பரிசோதனைக்கு வந்தவர் கையாளும் ரசாயனத்தின் பெயரைக் கேட்டு, ரிப்போர்ட்டின் ஓரத்தில் கையால் எழுதி டாக்டருக்கு அனுப்பிவைக்கிறேன்.